கொம்பியூட்டர் ஸ்லோ எண்டு படங்கள அழிக்காதீங்கோ, முதல்ல ரேமப் பாருங்கோ

போன மாசம் திருகோணமலை உப்புவெளியில இருக்கிற சின்னம்மா வீட்ட போனன், செருப்பக் கழட்ட முதலே சின்னம்மா தொடங்கிட்டா, "தம்பி, கொம்பியூட்டர் மெமரி ஃபுல் போல, எதத் தட்டினாலும் வட்டம் சுத்திக்கொண்டே நிக்குது, நான் கொஞ்சம் படங்கள அழிச்சும் பார்த்தன், அப்பிடியும் சரிவரேல்ல" எண்டு. என்ன படம் அழிச்சனீங்கள் எண்டு கேட்டன். அக்கான்ட கலியாண வீட்டுப் படங்கள், பிறகு சிவராத்திரி முடிஞ்சு கோணேசர் கோயில் சாமி நகர்வலம் வரக்க எங்கட ஒழுங்கைக்குள்ள எடுத்த படங்கள். ரீசைக்கிள் பின்னையும் துடைச்சுக் காலி பண்ணியிருக்கிறா.

எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. அந்தப் படங்களுக்கும் கொம்பியூட்டர் இழுபடுறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, 500 ஜிபி டிஸ்க்ல பாதிக்கு மேல சும்மா கிடக்கு. ஆனா சின்னம்மாவில பிழை சொல்ல ஏலாது, நாங்க எல்லாரும் மெமரி எண்ட ஒரே சொல்ல ரெண்டு சாமானுக்குப் பாவிக்கிறம், போன்ல படம் எடுக்க இடமில்லாட்டியும் மெமரி ஃபுல், கமராக்குள்ள போடுறதும் மெமரி கார்ட், அப்ப கொம்பியூட்டர் ஸ்லோ, மெமரி காணாது எண்டு ஆராவது சொன்ன உடன கை நேர படங்கள் இருக்கிற ஃபோல்டருக்குத்தான் போகும். இப்பிடி அழிச்சுப்போட்டு இருக்கிற வீடு எத்தினையோ. அதாலதான் இத ஆறுதலா எழுதுறன், கொம்பியூட்டர் படிக்காத ஆக்களுக்கும் விளங்கவேணும்.

கொம்பியூட்டருக்குள்ள ரெண்டு இடம் இருக்கு. ஒண்டு வைக்கிற இடம், அதுதான் ஹாட் டிஸ்க் இல்லாட்டி எஸ்எஸ்டி, உங்கட படம், பாட்டு, பிள்ளையின்ட அசைன்மென்ட் எல்லாம் அதுக்குள்ள, சுவிட்ச் நிப்பாட்டினாலும் அப்பிடியே இருக்கும். மற்றது வேலை செய்யிற இடம், அதுதான் ரேம். இப்ப நீங்க திறந்து வைச்சிருக்கிற சாமான் மட்டும்தான் அதுக்குள்ள இருக்கும், கறண்ட் போனால் அதில இருக்கிறது முழுக்கப் போயிடும். வேர்ட்ல ரெண்டு பக்கம் டைப் பண்ணி சேவ் பண்ணாமல் இருக்கக்க கறண்ட் கட் ஆகி எல்லாம் போனது உங்களுக்கும் நடந்திருக்கும், அந்த ரெண்டு பக்கமும் இருந்தது ரேம்லதான், டிஸ்க்குக்கு இன்னும் போகேல்ல.

சரி, ரேம் நிறைஞ்சால் என்ன நடக்கும்? கொம்பியூட்டர் உடன நிக்காது. அது ஒரு வழி வைச்சிருக்கு, அந்த வழிதான் எங்கட தலையிடி. ரேம்ல இடம் காணாட்டி, இந்த நிமிசம் தேவையில்லாதது எண்டு நினைக்கிறதுகள எடுத்துக்கொண்டுபோய் டிஸ்க்ல ஒரு மூலையில வைக்கும், அந்த மூலைக்குப் பேர் பேஜ் ஃபைல். பிறகு நீங்க அதைத் தட்டினால் வேற ஒண்ட இங்கால இருந்து அங்கால அனுப்பிப்போட்டு, இத அங்கால இருந்து இங்கால கொண்டு வரும்.

எங்கட பக்கத்துக் கிண்ணியாப் பாலம் 2009ல திறக்க முதல் இருந்த காலம் ஞாபகம் இருக்கிற ஆக்களுக்கு இது உடன விளங்கும். இப்ப அந்த 396 மீற்றர் பாலத்தில ஓட்டோவில ஏறினால் ரெண்டு நிமிசம் போகாது அக்கரை. அப்ப பாதைக்கு, அதுதான் வாகனம் ஏத்தி அக்கரைக்குக் கொண்டுபோற மிதவைக்கு, காத்துக்கொண்டு காவல் நிக்கவேணும். பாதை இங்கால வரவேணும், அதில வந்த வாகனம் எல்லாம் இறங்கவேணும், பிறகு எங்கட வாகனங்கள் ஏறவேணும், பிறகு இழுபட்டு இழுபட்டு அங்கால போகவேணும். அந்தக் கரையில இருக்கிற ஆள் நல்ல ஆள், கெட்டிக்காரன், ஆனா அவருக்கு வேணுமான சாமான் இங்கால கரையில கிடக்கு, பாதை வருமட்டும் அவர் கைகட்டிக்கொண்டு நிக்கத்தான் வேணும். உங்கட கொம்பியூட்டர்ல கணக்கெல்லாம் செய்யிற மூளை, பிரொசசர்தான் அந்த ஆள். அது ஸ்லோ இல்லை. அது பாதைக்குக் காவல் நிக்குது. மொனிட்டர்ல சுத்திற வட்டம் அந்தக் காவல்தான்.

எவ்வளவு வித்தியாசம் எண்டு கேட்டால், ரேம்ல இருந்து ஒரு தகவல எடுக்க ஏறத்தாழ 100 நானோ செக்கன் போகும், சுத்திற ஹாட் டிஸ்க்ல அந்த இடத்த தேடிப் பிடிச்சு எடுக்க ஏறத்தாழ 10 மில்லி செக்கன், அதாவது ஒரு லட்சம் மடங்கு. கணக்கில சொன்னால் மனசில ஏறாது, இப்பிடி யோசியுங்கோ, ரேம்ல எடுக்கிறது ஒரு செக்கன் எண்டு வைச்சால் அதே சாமான ஹாட் டிஸ்க்ல இருந்து எடுக்க ஒரு நாளும் இன்னும் கொஞ்ச மணித்தியாலமும் போகும். எஸ்எஸ்டி எண்டால் இத விடக் கனக்கக் கெதி, ஆனா அதுவும் ரேமுக்குக் கிட்ட வராது.

இப்ப உங்கட வீட்டுக் கொம்பியூட்டருக்கு வருத்தம் ரேமா, வேறயா எண்டு பார்க்கிறது எப்பிடி? ஒரு சதம் செலவில்லை. நீங்க வழமையா என்னென்ன திறப்பீங்களோ அதெல்லாத்தையும் திறந்து வையுங்கோ, சும்மா வெறும் கொம்பியூட்டரப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. பிறகு கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூண்டையும் ஒண்டாத் தட்டுங்கோ, டாஸ்க் மனேஜர் வரும். சின்னப் பெட்டியா வந்தால் கீழ மோர் டீடெய்ல்ஸ் எண்டு இருக்கும், அதைத் தட்டினால் விரியும். அதில பெர்ஃபோமன்ஸ் எண்டதுக்குள்ள போனால் இடப்பக்கம் சிபியு, மெமரி, டிஸ்க் எண்டு வரிசையா நிக்கும், சிபியு எண்டது பிரொசசர், இங்க மெமரி எண்டது ரேம்.

சின்னம்மா வீட்டில தங்கச்சி ஏ எல் படிக்கிறா, அவ வழமையா வேலை செய்யிற மாதிரியே சூம் வகுப்பு, குரோம்ல பதினொரு டேப், வேர்ட் எண்டு எல்லாத்தையும் திறக்கச் சொல்லிப்போட்டுப் பார்த்தன். மெமரி 3.9 ஜிபியில 3.6 போயிட்டுது, கோடு மேல கூரையில ஒட்டிக்கொண்டு நிக்குது. டிஸ்க் 100 வீதம். சிபியு 20க்குக் கிட்ட. இதுதான் அடையாளம், மெமரி கூரையில, டிஸ்க்கும் கூரையில, பிரொசசர் சும்மா இருக்கு. அந்தக் கரையில ஆள் நிக்கிறார், பாதைதான் ஓடி ஓடிச் சாகுது.

இந்த மூண்டு எண்ணையும் சேர்த்துத்தான் பார்க்கவேணும், ஒண்ட மட்டும் பார்த்துக் காசைக் குடுக்க வேண்டாம். மெமரி பாதிதான் நிறைஞ்சிருக்கு ஆனா டிஸ்க் மட்டும் 100ல நிக்குது எண்டால் உங்கட பிரச்சினை அந்தப் பழைய ஹாட் டிஸ்க், எஸ்எஸ்டி போடுறதுதான் சரி, ரேம் போட்டு வேலையில்லை. சிபியு 100ல நிண்டால் ஏதாவது புரோகிராம் மாட்டுப்பட்டிருக்கும் இல்லாட்டி வைரஸ், அது வேற கதை. இன்னொண்டும் நேர்மையாச் சொல்லவேணும், சி டிரைவ் கழுத்து மட்டும் நிறைஞ்சு சிவப்பு நிறத்தில நிண்டால் அதுவும் கொம்பியூட்டர இழுக்கும், அப்ப கொஞ்சம் சாமான அகற்றத்தான் வேணும், அப்பயும் அழிக்கிறேல்ல, ஒரு எக்ஸ்டேர்னல் டிஸ்க்குக்கு மாத்தி வையுங்கோ.

ரேம்தான் காணாது எண்டு தெரிஞ்சிட்டுது, இப்ப கடைக்கு ஓடவேண்டாம். ரேம் எண்டு சொன்னால் எல்லாம் ஒண்டு இல்லை. எனக்கு இது பட்டு விளங்கின விசயம், கொஞ்ச வருசத்துக்கு முதல் எங்கட வீட்டு மெசினுக்கு ஒரு 8 ஜிபி ரேம் கொழும்பில இருந்து பஸ்ல பார்சலா எடுப்பிச்சன், போன்ல கேக்கக்க கடைக்காரர் எல்லாம் ஒண்டுதான் தம்பி, போடலாம் எண்டார், வந்த சாமானப் பிரிச்சுப் பார்த்தால் டிடிஆர்4, என்ட மதர்போர்ட், அதுதான் உள்ளுக்க எல்லாம் கொழுவிற பெரிய பலகை, கேக்கிறது டிடிஆர்3, டிடிஆர் எண்டதுக்குப் பக்கத்தில இருக்கிற எண் ரேமின்ட தலைமுறை. திருப்பி எடுக்க மாட்டன் எண்டுட்டார். அந்தக் காசு போனதுதான்.

டிடிஆர்3 வந்தது 2007ல, டிடிஆர்4 2014ல, டிடிஆர்5 2020ல. ஒண்டுக்குப் பதிலா மற்றதப் போட ஏலாது, வோல்ட் அளவும் வேற, டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2 வோல்ட். ஆரும் தெரியாமல் மாறிப் போடக்கூடாது எண்டுதான் ரேமின்ட அடிப்பக்கத்தில தங்க நிறப் பல்லுகளுக்கு நடுவில ஒரு வெட்டு விட்டிருக்கிறாங்கள், ஒவ்வொரு வகைக்கும் அந்த வெட்டு கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும், பிழையானது உள்ள இறங்காது. இறங்காட்டி அமத்தாதீங்கோ, தயவுசெய்து, அமத்தி மதர்போர்ட்ட வெடிக்கப் பண்ணின ஆக்கள் இருக்கினம்.

லப்டொப்புக்குப் போடுறது கட்டை ரேம், டெஸ்க்டொப்புக்குப் போடுறது நீளம், ஏறத்தாழ பாதிக்குப் பாதி வித்தியாசம், அதையும் கடையில முதல்லயே சொல்லவேணும். டிடிஆர்3 பாவிக்கிற லப்டொப் எண்டால் இன்னொரு சிக்கல், கொஞ்சம் பிந்தி வந்த லப்டொப்புகள் 1.35 வோல்ட்ல ஓடுற ரேமத்தான் கேக்கும், அதின்ட லேபிள்ல பிசி3க்குப் பக்கத்தில எல் எண்ட எழுத்து இருக்கும். சில லப்டொப்ல ரேம் போர்ட்டோட சேர்த்து ஈயம் பத்தி ஒட்டியிருக்கும், கழட்டவும் ஏலாது கூட்டவும் ஏலாது, 2020 கடைசியில இருந்து வந்த அப்பிளின்ட எம்1 மெசின்கள்லயும் ரேம் சிப்போடயே சேர்ந்திருக்கும், கூட்ட ஏலாது.

உங்கட மெசின்ல என்ன இருக்கு எண்டு பார்க்க சிபியு-இசட் எண்டு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, அதில மெமரி எண்டதுக்குள்ள வகையக் காட்டும், மெயின்போர்ட் எண்டதுக்குள்ள போர்ட்டின்ட பேரையும் காட்டும், அந்தப் பேரக் கூகிள்ல போட்டால் எவ்வளவு ஜிபி மட்டும் தாங்கும் எண்டு வரும். சின்னம்மான்ட போர்ட் எச்61 வகை, டிடிஆர்3, ரேம் செருகிற ஸ்லொட் ரெண்டு, கூடினது 16 ஜிபி தாங்கும். டாஸ்க் மனேஜர்லயே மெமரியத் தட்டினால் கீழ ஸ்லொட்ஸ் யூஸ்ட் 1 ஒஃப் 2 எண்டு காட்டிச்சுது, அதப் பார்த்த உடன எனக்குச் சந்தோசம், ஒரு ஸ்லொட் சும்மா கிடக்கு, இருக்கிறதக் கழட்டத் தேவையில்லை, பக்கத்தில ஒண்ட வைச்சால் போதும்.

வாங்கக்க கவனிக்கிறதுக்கு இன்னும் ரெண்டு விசயம். லேபிள்ல பிசி3-12800 எண்டு இருந்தால் அது 1600 வேகம், 10600 எண்டால் 1333. ரெண்டும் கலந்து போட்டால் பிழையில்லை, ரெண்டும் சேர்ந்து குறைஞ்ச வேகத்தில ஓடும் அவ்வளவுதான். ஒரே அளவில ரெண்டு போட்டால் ரெண்டு பக்கத்தாலயும் ஒண்டா வாசிக்கும், அதத்தான் டுவல் சனல் எண்டு சொல்றது, அது கொஞ்சம் நல்லம். மற்றது, டிடிஆர்3ல மலிவா ஒரு ரேம் விக்கிறாங்கள், ஏஎம்டிக்கு மட்டும் எண்டு சின்னதா எழுதியிருக்கும், இன்டெல் மெசின்ல அது வேலை செய்யாது, விலையப் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய டிடிஆர்3 எண்டால் செக்கன்ட் ஹான்ட் வாங்கலாம், அதில எனக்குப் பயமில்லை, ரேம்ல தேயிற சாமான் எண்டு ஒண்டும் இல்லை, ஆனா கடையில வைச்சே ஒரு மெசின்ல போட்டுக் காட்டச் சொல்லுங்கோ. புதுசு எண்டால் 2025 கடைசிப் பக்கம் இருந்து ஏஐ சேவர்களுக்கு அள்ளிக்கொண்டு போறதால உலகம் முழுக்க ரேம் விலை ஏறிப்போச்சுது, ரெண்டு மூண்டு இடத்தில கேட்டுட்டு எடுங்கோ.

காசு குடுக்க முதல் விண்டோஸ் 64 பிட்டா எண்டும் பார்க்கவேணும், செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுக்குள்ள அபவுட். 32 பிட் எண்டு இருந்தால் அது 4 ஜிபிக்கு மேல எண்ணத் தெரியாத விண்டோஸ், நீங்க 16 போட்டாலும் மூண்டரைக்குக் கிட்டத்தான் பாவிக்கும், முதல்ல 64 பிட் விண்டோஸ் போடவேணும்.

இனிப் போடுற வேலை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 4 ஜிபி ரேமோட போனன். சட்டவுன் பண்ணி, சுவர்ல பிளக்கையும் கழட்டி, பிறகு பவர் பட்டன ஒருக்கா அமத்திப் பிடிச்சன், உள்ளுக்க மிச்சம் நிக்கிற கறண்ட் அதில போயிடும். பக்கத்து மூடியத் திறந்தால் உள்ளுக்க சாம்பல் நிறத்தில தூசு மெத்தை மாதிரிப் படிஞ்சிருக்கு, கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல எங்கட பக்கம் வீட்டுக்குள்ள மண்ணாத்தானே கொட்டும், அதோட கடற்கரையில இருந்து ரெண்டு ஒழுங்கைதான் தூரம். சின்னப் பெயின்ட் பிரஷ் ஒண்டால தட்டி எடுத்தன், அதே வேலையக் கொம்பியூட்டர் நல்லா இருந்தாலும் வருசத்துக்கு ஒருக்காச் செய்யுங்கோ.

ரேமத் தொட முதல் பெட்டியின்ட பெயின்ட் அடிக்காத இரும்பில கைய ஒருக்கா வையுங்கோ, உடம்பில சேர்ந்திருக்கிற ஸ்டாட்டிக் கறண்ட் இறங்கிடும், நைலோன் சட்டை போட்டுக்கொண்டு கால்மிதியில நிண்டு செய்ய வேண்டாம். ரேம ரெண்டு ஓரத்திலயும்தான் பிடிக்கவேணும், தங்கப் பல்லில விரல் படக்கூடாது, விரல்ல இருக்கிற வேர்வையும் எண்ணெயும் அதில ஒட்டும். ஸ்லொட்டின்ட ரெண்டு நுனியிலயும் இருக்கிற வெள்ளைக் கிளிப்ப வெளியால தள்ளிவிட்டு, வெட்டையும் ஸ்லொட்ல இருக்கிற மேட்டையும் நேர வைச்சு, ரெண்டு பெருவிரலாலயும் ரெண்டு பக்கமும் ஒரே அளவா அமத்தவேணும். முதல் ஒரு பக்கம் டக் எண்டும், பிறகு மற்றப் பக்கம் டக் எண்டும், கிளிப் தானா எழும்பி வந்து பூட்டும். அந்த ரெண்டு டக்கும் கேக்குமட்டும் அது இருக்கேல்ல எண்டுதான் அர்த்தம். லப்டொப் எண்டால் சரிவாச் செருகி கீழ அமத்தவேணும், அதுக்கு முதல் பற்றறியக் கழட்டியிருக்கவேணும்.

பிளக்கக் குத்தி பட்டன அமத்தினன், மொனிட்டர் கறுப்பு, உள்ளுக்க இருந்து பீப் பீப் எண்டு நீளமாச் சத்தம். சின்னம்மான்ட முகத்தில ரத்தமில்லை. இது வந்தால் பயப்பிடாதீங்கோ, கனக்கத் தரம் ரேம் வடிவாத் தொடுகேல்ல எண்டுதான் அது கத்திறது. திரும்பப் பிளக்கக் கழட்டி, இந்த முறை பழைய ரேமையும் கழட்டிப் பார்த்தால் அதின்ட பல்லில மங்கலா ஒரு படை, உப்புக் காத்து செய்யிற வேலை. தங்கச்சியின்ட பென்சில் பெட்டியில இருந்த வெள்ளை அழிறப்பரால மெதுவா, ஒரே பக்கமா, நாலைஞ்சு தரம் இழுத்தன், மண் கலந்த முரட்டு றப்பர் வேண்டாம், அது தங்கத்தையும் சுரண்டிடும். தூளத் தட்டிப்போட்டு ரெண்டையும் திரும்பப் போட்டு டக் டக் எண்டு பூட்டி பட்டன அமத்தினால் ஒரு சின்னப் பீப், விண்டோஸ் வந்திட்டுது.

டாஸ்க் மனேஜர்ல 7.9 ஜிபி. தங்கச்சி அதே பதினொரு டேப், அதே சூம், அதே வேர்ட் எல்லாத்தையும் திறந்தா. மெமரி 5ல நிண்டுது, டிஸ்க் ஏறி இறங்கி 10க்குக் கீழ வந்து படுத்திட்டுது. சூம்ல இருந்து வேர்டுக்கு மாறக்க முந்தி அவ பேனைய எடுத்துக் கொப்பியில கோடு கீறிக்கொண்டு இருப்பாவாம் அது வருமட்டும், இப்ப தட்டின கையோட வருது.

வீட்டுப் பாவனைக்கு 8 ஜிபி போதும் எண்டுதான் நான் சொல்லுவன், வீடியோ எடிட் பண்ணுற ஆள், பெரிய கேம் விளையாடுற பிள்ளை எண்டால் 16. ஏற்கனவே 8ல பாதிதான் நிறையுது எண்டால் 16க்குக் காசு போட வேண்டாம், வெறும் இடம் கெதியக் கூட்டாது, நிறைஞ்சு வழியிறத நிப்பாட்டிறது மட்டும்தான் ரேமின்ட வேலை. கொம்பியூட்டர் ஓன் ஆகி வர எடுக்கிற நேரமும் இதால பெரிசாக் குறையாது, அதுக்கு எஸ்எஸ்டிதான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட வழமையான அப்டேட்ட நிப்பாட்டிட்டுது, ரேம் கூட்டினால் 11 போடலாமா எண்டு கனபேர் கேக்கினம், ஏலாது, 11க்குப் புது பிரொசசரும் டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பும் வேணும், சின்னம்மான்ட மெசின் மாதிரிப் பழசுக்கு, விண்டோஸுக்குப் பதிலா இலவசமாப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் நல்லா ஓடும், அடுத்த லீவுக்குப் போட்டுக் குடுக்கிறதா இருக்கிறன்.

அந்தப் படங்கள் என்ன ஆனது எண்டு சொல்லேல்ல. சுத்திற ஹாட் டிஸ்க்ல ஒரு ஃபைல அழிச்சால் அது உடன அழியாது, அந்த இடம் சும்மா எண்டு குறிச்சு மட்டும் வைக்கும், மேல வேற ஒண்டு எழுதுப்படுமட்டும் உள்ளுக்க கிடக்கும். எஸ்எஸ்டி எண்டால் இந்த நம்பிக்கை குறைவு. அதால முதல் நாளே, ரேம் வாங்க முதலே, இந்தக் கொம்பியூட்டர ஆரும் தொடக்கூடாது எண்டு சொல்லி ஓஃப் பண்ணிட்டு வந்தனான். ரேம் போட்ட அண்டைக்கு ஹாட் டிஸ்க்கக் கழட்டி என்ட மெசின்ல கொழுவி ரெக்கூவா எண்ட புரோகிராமால ராவு முழுக்கத் தேட விட்டன். கலியாண வீட்டுப் படம் பாதிக்குக் கிட்ட வந்துது, சிலது மேல் பாதி முகம், கீழ் பாதி சாம்பல். கோணேசர் வந்த படங்கள் ஒண்டும் பழுதாகாமல் வந்துது, அதில ஒண்டில அம்மம்மா வாசல்ல நிறைகுடத்துக்குப் பக்கத்தில கும்பிட்டுக்கொண்டு நிக்கிறா. சின்னம்மா அத இப்ப மூண்டு இடத்தில சேவ் பண்ணி வைச்சிருக்கிறா.